அயர்லாந்தின் ராணுவ நடுநிலையும் ஐ.நா. அமைதிப் படையும்: ‘மூன்று பூட்டு’ நீக்கப்பட்டால் எது மாறும்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், சிறிய நாடுகளின் வெளியுறவுக் கொள்கை பற்றி அடுத்த மாதம் நான் பேச வேண்டும். அயர்லாந்தை எடுத்துக்கொண்டேன். படிக்கப் படிக்கத் தெளிவு வருவதற்குப் பதிலாக ஐயங்கள் கூடிக்கொண்டே போவதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்கலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

அயர்லாந்து நேட்டோவில் இல்லை. எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர மாட்டோம் என்று அந்நாட்டு அரசுகள், எந்தக் கட்சி ஆண்டாலும், தொடர்ந்து சொல்லிவருகின்றன. அதே நாடு 1958 முதல் இடைவெளியே இல்லாமல் உலகின் ஏதேனும் ஒரு மூலையில் ஐ.நா. அமைதி காக்கும் பணியில் தன் வீரர்களை நிறுத்திவைத்திருப்பதைத் தன் பெருமைகளில் ஒன்றாகக் கருதுகிறது. நடுநிலை என்றால் ஒதுங்கி நிற்பது என்றுதான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். பிறர் சண்டையின் நடுவே துப்பாக்கியுடன் போய் நிற்கும் நாடு தன்னை நடுநிலை நாடு என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறது?

இதை ஒட்டியே இன்னொரு கேள்வியும் எழுகிறது. வெளிநாட்டுக்குப் படை அனுப்ப அமைச்சரவை, நாடாளுமன்றம், ஐ.நா. ஆகிய மூன்றின் ஒப்புதலும் வேண்டும் என்று அங்கே ‘மூன்று பூட்டு’ என்ற விதி இருக்கிறதாம். அதில் ஐ.நா. ஒப்புதல் என்ற பூட்டை மட்டும் எடுத்துவிடும் சட்ட வரைவை அரசு 2025 மார்ச் மாதம் வெளியிட்டது. நடுநிலைக்கு இதனால் எந்தக் கேடும் இல்லை என்கிறது அரசு. நடுநிலையின் உயிர்நாடியே அதுதான் என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். இரு தரப்பு வாதங்களையும் படித்த பிறகும் எந்தப் பக்கம் நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் நாட்டின் அணிசேராக் கொள்கையும் இதுவும் ஒன்றா என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பரே, ‘நடுநிலை’ என்ற ஒரே சொல்லை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பொருளில் ஆள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. சுவிட்சர்லாந்தின் நடுநிலையை 1815இல் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஏற்றுக்கொண்டன. அந்த நாடு ஐ.நா.வில் உறுப்பினராவதையே 2002 வரை தள்ளிப்போட்டது. ஆஸ்திரியா 1955 அக்டோபர் 26 அன்று தன் நடுநிலையை அரசமைப்புச் சட்டமாகவே நிறைவேற்றிக்கொண்டது. அயர்லாந்தின் அரசமைப்புச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. நாடுகளுக்கிடையிலான பூசல்களை அமைதி வழியில் தீர்ப்பதே தன் இலட்சியம் என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. டாயில் எனப்படும் கீழவையின் ஒப்புதல் இல்லாமல் போர் அறிவிக்கக் கூடாது என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றை உருவாக்கினால் அதில் நாடு சேரக் கூடாது என்ற தடை 2002இல் சேர்க்கப்பட்டது. மற்றவையெல்லாம் அரசின் கொள்கை மட்டுமே. அந்தக் கொள்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் ‘ராணுவ நடுநிலை’ என்பதுதான். அரசியலில், கருத்தில் நாங்கள் நடுநிலையாளர்கள் என்று அவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை.

இது எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும். 1938இல் பிரிட்டன் தன் கையில் வைத்திருந்த மூன்று துறைமுகங்களையும் திருப்பிக் கொடுத்தது. அந்தத் துறைமுகங்கள் கைக்கு வந்திராவிட்டால், மறு ஆண்டு தொடங்கிய இரண்டாம் உலகப் போரில் ஒதுங்கி நிற்க, அன்றைய பிரதமர் ஏமன் டி வலேராவின் அரசுக்கு வழியே இருந்திருக்காது. போர்க்காலத்தை அங்கே ‘போர்’ என்றுகூடச் சொல்லாமல் ‘நெருக்கடிக் காலம்’ என்றே குறித்தனர். ஆனாலும் அந்த நடுநிலை நேச நாடுகளின் பக்கம் சாய்ந்துதான் இருந்தது. அட்லாண்டிக் கரையோரம் பிளாக்சாட் என்ற சிற்றூரின் அஞ்சலகத்தில் ஓர் இளம்பெண் ஊழியர் மணிக்கு மணி பார்த்துக் குறித்து அனுப்பிய வானிலை அளவுகள், 1944 ஜூனில் நார்மண்டிப் படையிறக்கத்தின் நாளைத் தள்ளிவைக்கும் முடிவுக்கே உதவின.

1949இல் நேட்டோ தொடங்கியபோது அயர்லாந்து சேர மறுத்ததற்குக் காரணம் அமைதிக் கொள்கை அன்று. வடக்கு அயர்லாந்தைத் தன் ஆட்சியில் வைத்திருக்கும் பிரிட்டனோடு ஒரே கூட்டணியில் சேர்ந்தால், நாட்டுப் பிரிவினையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்பதே அன்றைய அரசு சொன்ன காரணம். அதாவது, அன்றைக்கு நடுநிலை என்பது ஒரு மறுப்பாக மட்டுமே இருந்தது. என்ன செய்ய மாட்டோம் என்று சொல்லத் தெரிந்த நாட்டுக்கு, என்ன செய்வோம் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது ஐ.நா.தான். 1955 டிசம்பர் 14 அன்று அயர்லாந்து உறுப்பினரானது. அதற்குப் பின் வெளியுறவு அமைச்சராக இருந்த பிராங்க் எய்க்கன், விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்தியவர், ஐ.நா. மன்றத்தில் ஒரு சிறிய நாடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காட்டினார். ஐ.நா.வில் சீனாவின் இருக்கை எந்த அரசுக்கு உரியது என்பது பற்றி விவாதிக்கவாவது வேண்டும் என்று 1957இல் அமெரிக்காவின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தார். அணு ஆயுதங்கள் மேலும் பல நாடுகளுக்குப் பரவாமல் தடுக்க வேண்டும் என்று 1958இல் அவர் தொடங்கிவைத்த முயற்சி 1961இல் ஒருமனதான தீர்மானமாகி, 1968இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமாக முடிந்தது. அந்த ஒப்பந்தத்தை முதலில் உறுதிப்படுத்திய நாடு அயர்லாந்து. அதே 1958இல்தான் ஏறத்தாழ 50 ஐரிஷ் அதிகாரிகள் ஐ.நா. பார்வையாளர்களாக லெபனானுக்குச் சென்றனர். உங்கள் வாசகர் வட்டத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: அமைதி காக்கும் பணி அயர்லாந்தின் நடுநிலைக்கு விதிவிலக்காக வந்ததன்று, வெறும் மறுப்பாக இருந்த நடுநிலைக்கு ஒரு வேலையைக் கொடுத்ததே அந்தப் பணிதான்.

பூட்டுகளைப் பற்றி. 1960இல் காங்கோவுக்குப் படை அனுப்ப வேண்டி வந்தபோது, ஐ.நா. அமைத்த படையாக இருக்க வேண்டும், 12 பேருக்கு மேல் என்றால் டாயில் ஒப்புதல் தர வேண்டும் என்று சட்டம் இயற்றினர். இவற்றோடு அமைச்சரவை முடிவும் சேர்ந்ததே மூன்று பூட்டு. இதற்கு இன்றைய அரசியல் கனம் வந்தது 2001 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் உடன்படிக்கையை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்த பிறகு. ஐரோப்பியப் படை என்ற பெயரில் தங்கள் பிள்ளைகளை எங்கோ அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அந்த நிராகரிப்புக்கு ஒரு காரணமாக இருந்தது. அதைப் போக்க, மூன்று பூட்டும் இருக்கும் என்று 2002 ஜூனில் செவில் நகரில் அரசு எழுத்து வடிவில் அறிவித்தது. அதன் பிறகுதான் அக்டோபரில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பு வென்றது. லிஸ்பன் உடன்படிக்கையும் 2008இல் தோற்று, இதே போன்ற உறுதிமொழிகளுக்குப் பின் 2009இல் வென்றது. ஆகவே, பூட்டை எடுப்பதை எதிர்ப்பவர்களின் கோபத்தில், மக்களிடம் வாக்குக் கேட்கும்போது கொடுத்த சொல்லை அரசு மீறுகிறது என்ற நியாயமான வருத்தமும் கலந்திருக்கிறது.

நம் அணிசேராமை வேறு. அது வல்லரசு முகாம்களுக்கு நடுவே தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளும் கொள்கை. பெரிய படை வைத்துக்கொள்வதற்கோ, 1971இல் சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொள்வதற்கோ அது தடையாக இருக்கவில்லை. அயர்லாந்து அணிசேரா இயக்கத்தில் என்றும் உறுப்பினராக இருந்ததில்லை.

ஷானன்கரை எழுதியது:

வணக்கம். நான் 11 ஆண்டுகளாக அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஆத்லோன் என்ற ஊரில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராக வேலை செய்கிறேன். ஷானன் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. அதன் மேற்குக் கரையில் கஸ்ட்யூம் பாசறை என்ற பழைய ராணுவ முகாம் இருக்கிறது. ஏட்டுச்சுவடி ஐயா எழுதிய வரலாறு இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடந்தது என்பதால் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் இல்லத்தில் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன பெரியவர் ஒருவர் 1960இல் காங்கோவுக்குப் போனவர். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில், கண்ணாடிக் கூட்டுக்கும் சவரக் கத்திக்கும் கீழே, ஐ.நா. வீரர்கள் அணியும் நீல நிறத் தொப்பி ஒன்று நெகிழிப் பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். படுக்கை விரிப்பை மாற்றும் நாள்களில் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். சண்டையைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. உடையைப் பற்றித்தான் பேசுவார். ஐரிஷ் குளிருக்காக நெய்த முரட்டுக் கம்பளிச் சீருடையும், ஆணி அடித்த பூட்சும், பழைய 303 துப்பாக்கியுமாகத்தான் அவர்களை வெப்பமண்டலக் காட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மதிய வெயிலில் அந்தக் கம்பளி வியர்வையில் ஊறிக் கனத்து, கழுத்தை அறுத்ததைத் தன் விரலால் தொட்டுக் காட்டுவார். அன்றைய ஐரிஷ் ராணுவம் எவ்வளவு ஏழ்மையானது என்பதும், உலகத்தை எவ்வளவு குறைவாக அறிந்திருந்தது என்பதும் அந்தக் கழுத்தைப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

1960 நவம்பர் 8 அன்று நியெம்பா என்ற இடத்தில் 11 ஐரிஷ் வீரர்கள் கொண்ட ரோந்துக் குழு, அம்பும் வில்லும் ஏந்திய பாலூபா மக்களால் சூழப்பட்டு, அதில் 9 பேர் கொல்லப்பட்டனர். டப்ளின் நகரத் தெருக்களின் இருபுறமும் பெருங்கூட்டம் நின்று அவர்களை வழியனுப்பியதாம். அமைதிப் பணி என்பது உயிரைக் கேட்கும் பணி என்று இந்த நாடு அறிந்துகொண்ட நாள் அது.

அடுத்த ஆண்டு நடந்தது ஆத்லோனின் கதை. 1961 செப்டம்பரில், காங்கோவிலிருந்து பிரிந்து நிற்க முயன்ற கட்டாங்கா மாகாணத்தின் ஜாடோவில் சுரங்க நகரில், பாட் குவின்லன் என்ற அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ 155 வீரர்கள் இருந்தனர். அவர்களில் பலர் இந்தப் பாசறையிலிருந்து சென்றவர்கள். காலை வழிபாட்டில் பலர் இருந்த நேரத்தில், வெள்ளைக் கூலிப்படையினர் வழிநடத்திய, பல மடங்கு பெரிய கட்டாங்காப் படை தாக்கியது. ஐந்து நாள் தாக்குப்பிடித்தனர். ஹெலிகாப்டர் கொண்டுவந்த தண்ணீர், முன்பு எரிபொருள் நிரப்பியிருந்த கேன்களில் அடைக்கப்பட்டிருந்ததால் குடிக்க முடியாமல் போனது. அவர்களை மீட்கச் சென்ற படை லுஃபிரா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. இரண்டாவது முயற்சியில் இந்தியாவின் கூர்க்கா வீரர்களும் உடன் இருந்தனர். தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்த பிறகு குவின்லன் சரணடைந்தார். ஒரு வீரரைக்கூட அவர் பறிகொடுக்கவில்லை.

ஊர் திரும்பியவர்களுக்குக் கிடைத்தது பாராட்டு அன்று. ‘ஜாடோவில் ஜாக்’ என்ற வசைப் பெயர். சரணடைந்தவர்கள் என்ற பழியைச் சுமந்தபடியே பலர் இறந்தும்விட்டனர். 2016இல்தான் அரசு அந்தப் படைப்பிரிவுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. 2017 டிசம்பரில் இங்கே ஆத்லோனில் வைத்து, உயிரோடு இருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் பதக்கம் கொடுத்தார்கள்.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நடுநிலை நாட்டின் வீரர் என்பதால் யாரும் அவரைச் சுடாமல் விட்டுவிடுவதில்லை. கட்டாங்காவில் ஐ.நா.வே ஒரு தரப்புக்கு எதிராக நடவடிக்கையில் இறங்கியிருந்தது. அந்த முடிவை எடுத்தவர்களில் ஒருவரான ஐ.நா. பிரதிநிதி கானர் குரூஸ் ஓ’பிரையனும் ஐரிஷ்காரர்தான். நீலத் தொப்பி போட்டாலே நடுவர் ஆகிவிட முடியாது. அந்த இடத்தில் வாழும் மக்கள் நம்பினால்தான் நடுவர்.

அந்த நம்பிக்கை எப்படி வரும் என்பதற்கு லெபனான்தான் சான்று. 1978 முதல் 2001 வரையும், பின்னர் 2011 முதல் இன்று வரையும் ஐரிஷ் வீரர்கள் தெற்கு லெபனானில் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு அணி போகும், ஒரு அணி திரும்பும். என்னோடு வேலை செய்யும் தோழியின் அப்பா ஐந்து முறை போய்வந்தவர். திப்னின் என்ற ஊரைத் தன் பக்கத்து ஊரைப் போலப் பேசுவார். முகாம் வாசலில் சோப்பு, சிகரெட், கைக்கடிகாரம் விற்ற சிறு கடைகளை வீரர்கள் ‘மிங்கி’ கடை என்று அழைத்தார்களாம். அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள் ஐரிஷ் கிராமத்து உச்சரிப்பிலேயே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டார்கள். அங்குள்ள அனாதை இல்லத்துக்கு ஒவ்வொரு அணியும் பணம் திரட்டிக் கொடுப்பதும், பழுது பார்த்துக் கொடுப்பதும் இன்றும் தொடர்கிறது. ஐ.நா. பணிகளில் உயிரிழந்த 80க்கும் மேற்பட்ட ஐரிஷ் வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில்தான் இறந்தார்கள். கடைசியாக 2022 டிசம்பரில் ஓர் இளைஞர்.

பூட்டைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் யாருடைய ஆள்களும் இல்லை, உலகம் அனுப்பியவர்கள் என்று திப்னின் மக்கள் நம்பினார்கள். ஐ.நா. முத்திரை இல்லாமல் சில நாடுகள் கூடி அனுப்பும் படையோடு இதே வீரர் அதே ஊருக்குப் போனால் அந்த நம்பிக்கை இருக்குமா என்பதுதான் எனக்குள்ள கவலை.

பொருநைக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நன்றி அக்கா, அந்தக் கழுத்தைப் பற்றிப் படித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. இருவரும் ஒரே பக்கமாகச் சாய்வதுபோல் தெரிகிறது. அரசின் தரப்பை நேர்மையாக எடுத்துச் சொல்ல இங்கே யாராவது இருக்கிறீர்களா? என் கூட்டத்தில் அதைக் கேட்கப்போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

கடலோடி எழுதியது:

நான் சொல்கிறேன். சரக்குக் கப்பல்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். கார்க் துறைமுகத்துக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். மேலே எழுதிய இருவரின் உணர்வையும் மதிக்கிறேன். ஆனால், சொல்லாமல் விடப்பட்ட மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது. 1999 பிப்ரவரியில் மாசிடோனியாவில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஐ.நா. தடுப்புப் படையின் காலத்தை நீட்டிக்கவிடாமல் சீனா பாதுகாப்புக் கவுன்சிலில் தனக்குள்ள ரத்து அதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்தியது. மாசிடோனியா சற்று முன்னர் தைவானை அங்கீகரித்திருந்தது. 2003இல் அதே மாசிடோனியாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சிறிய அமைதிப் படையை அனுப்பியபோது, அந்நாட்டு அரசே வரவேற்றும்கூட, ஐ.நா.வின் முறையான அனுமதி இல்லை என்பதால் அயர்லாந்தால் பங்கேற்க முடியவில்லை. தன் வீரர்கள் எங்கே அமைதி காக்கலாம் என்பதில் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் தடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, இதுதான் எங்கள் சுதந்திரமான வெளியுறவுக் கொள்கை என்று ஒரு நாடு எப்படிச் சொல்லும்? 2014க்குப் பிறகு பாதுகாப்புக் கவுன்சில் புதிய அமைதி காக்கும் படை எதையும் அமைக்கவில்லை என்பதையே அரசு தன் முதன்மை வாதமாக முன்வைக்கிறது. அமைச்சரவை, டாயில் ஆகிய இரண்டு பூட்டுகளும் இருக்கத்தான் போகின்றன. டாயிலைக் கேட்காமல் அனுப்பக்கூடிய எண்ணிக்கையை 12லிருந்து 50ஆக உயர்த்துவது மட்டும் எனக்கும் உடன்பாடில்லை.

இரண்டாவது, கூட்டணியில் இருந்தால் அமைதிப் பணி செய்ய முடியாது என்பது உண்மை அன்று. நேட்டோவைத் தொடங்கிய நாடுகளுள் ஒன்றான நார்வே, 1978 முதல் 1998 வரை அதே தெற்கு லெபனானில் அயர்லாந்துக்குப் பக்கத்திலேயே பணியாற்றியது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தன் கடலையும் வானத்தையும் தானே காத்துக்கொள்ள முடியாத நாட்டின் நடுநிலையை யார் மதிப்பார்கள்? சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் நடுநிலைக்காகவே படை வைத்திருக்கின்றன. அயர்லாந்திடம் சண்டை விமானம் ஒன்றுகூடக் கிடையாது. பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைவாகப் பாதுகாப்புக்குச் செலவிடும் நாடு அதுதான். நிரந்தரப் படையினர் ஏறத்தாழ 7,500 பேர். மாலுமிகள் போதாமல் கடற்படையின் கப்பல்களையே கரையில் கட்டிவைக்க நேர்ந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான கடலடித் தகவல் கம்பிகளில் பல இந்தக் கடல் வழியாகவோ இதன் அருகிலோ செல்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2022 ஜனவரியில் கார்க் கரைக்குத் தென்மேற்கே, அயர்லாந்தின் பொருளாதார மண்டலத்துக்குள், ரஷ்யக் கடற்படை பீரங்கிப் பயிற்சி நடத்தப்போவதாக அறிவித்தது. அதைத் தடுக்க எழுந்து நின்றவர்கள் யார்? காசில்டவுன்பேர் என்ற ஊரின் மீனவர்கள். இது நாங்கள் வலை வீசும் இடம், மீன் வரத்துள்ள பருவம், நாங்கள் வழக்கம்போல் தொழிலுக்குப் போவோம் என்று சொன்னார்கள். ரஷ்யத் தூதரையே சந்தித்துப் பேசினார்கள். கடைசியில் ரஷ்யா பயிற்சியை அந்த மண்டலத்துக்கு வெளியே மாற்றிக்கொண்டது. அந்த மீனவர்களின் துணிவை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால், ஒரு நாட்டின் கடலைக் காக்கும் பொறுப்பு மீன்பிடிப் படகுகளின் தலையில் விழுந்ததே என்ற வருத்தமும் அதே அளவுக்கு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வெளிவந்த பாதுகாப்புப் படைகள் ஆணையத்தின் அறிக்கை ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. அதன்பின் 2028க்குள் ஆண்டுச் செலவை 110 கோடி யூரோவிலிருந்து 150 கோடி யூரோவாக உயர்த்த அரசு ஒப்புக்கொண்டது.

இன்னொன்று. ஷானன் விமான நிலையம் வழியாக அமெரிக்கப் படையினர் பல்லாண்டுகளாகப் போய்வருகின்றனர். ஈராக் போரின்போது இதை எதிர்த்து ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி வழக்குத் தொடுத்தார். போரிடும் நாட்டின் படைகளைத் தன் நிலம் வழியே செல்லவிடுவது பன்னாட்டுச் சட்டப்படி நடுநிலைக்கு ஒவ்வாதது என்றாலும், அதை உள்நாட்டு நீதிமன்றம் அரசின்மீது திணிக்க முடியாது என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று பூட்டும் முழுமையாக இருந்த காலத்தில்தான் இது நடந்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கடலோடி ஐயாவின் மூன்றாவது கருத்தை முழுவதுமாக ஏற்கிறேன். நடுநிலைக்குச் செலவு உண்டு. அதைச் செய்யாமல் இருப்பதற்கு நடுநிலையையே சாக்காகக் காட்டியது பல அரசுகளின் தவறு. ஷானன் பற்றியும் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

முதல் கருத்தில்தான் வேறுபடுகிறேன். பாதுகாப்புக் கவுன்சிலின் ரத்து அதிகாரம்தான் தடை என்றால், சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்புக் கவுன்சிலை மட்டும் குறிப்பிடவில்லை. கவுன்சிலோ பொதுச்சபையோ ஒரு தீர்மானத்தின் வழியாக அமைத்த, அனுமதித்த, ஆதரித்த, ஏற்ற படை என்று மிக அகலமாகவே வரையறுக்கிறது. பொதுச்சபையில் யாருக்கும் ரத்து அதிகாரம் கிடையாது. 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது பிரிட்டனும் பிரான்சும் கவுன்சிலை முடக்கியதால், ஐ.நா.வின் முதல் ஆயுதமேந்திய அமைதிப் படையை அமைத்ததே பொதுச்சபைதான். அந்த வழி நீண்ட காலமாகப் பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது என்பது உண்மை. ஆனால், எய்க்கனைப் போன்ற ஒருவரை அந்த மன்றத்துக்கு அனுப்பிய நாடு, கதவு துருப்பிடித்திருக்கிறது என்பதற்காக அதைத் தட்டிப் பார்க்காமலே திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நார்வே பற்றிச் சொன்னதும் சரியே. கூட்டணி நாடுகளாலும் அமைதி காக்க முடியும். ஆனால், அயர்லாந்தைக் கூப்பிடுபவர்கள் அதன் படைபலத்துக்காகக் கூப்பிடுவதில்லை. தானே குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்த, யாரையும் அடிமைப்படுத்தாத ஐரோப்பிய நாடு என்பதற்காகவே காங்கோவுக்கு அழைத்தார்கள். அந்த நற்பெயர் சட்டத்தில் இல்லாவிட்டாலும் களத்தில் அதற்கு எடை உண்டு.

பொருநைக்கரை அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான விடை: ஐ.நா. பூட்டை எடுத்தாலும் அயர்லாந்து எந்தக் கூட்டணியிலும் சேர்ந்ததாக ஆகாது. அந்த அளவில் அரசு சொல்வது சரி. ஆனால், இதுவரை அந்நாட்டு நடுநிலைக்கு இருந்த ஒரே நேர்மறைப் பொருளான ஐ.நா.வுடனான பிணைப்பு, சட்டக் கடமை என்ற நிலையிலிருந்து ஆளும் கட்சியின் விருப்பம் என்ற நிலைக்கு இறங்கும். 2025 அக்டோபரில் நடுநிலைக்காக உரத்துக் குரல் கொடுத்த கேத்தரின் கானலியை மக்கள் பெரும் வேறுபாட்டில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இல்லை என்றாலும், மக்களின் மனநிலையை அறிய அதையும் உங்கள் உரையில் குறிப்பிடலாம்.

ஷானன்கரை எழுதியது:

ஒரு செய்தியைச் சேர்க்க மறந்துவிட்டேன். லெபனானில் உள்ள ஐ.நா. படையின் காலத்தைக் கடைசி முறையாக 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்து, அதன்பின் ஓராண்டுக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் பாதுகாப்புக் கவுன்சில் தீர்மானித்துவிட்டது. 2024 அக்டோபரில் எல்லையோரக் காவல்சாவடி ஒன்றை ஏறத்தாழ 30 ஐரிஷ் வீரர்கள் காத்துக்கொண்டிருந்தபோது, இஸ்ரேலியப் பீரங்கி வண்டிகள் அதை ஒட்டி வந்து நின்றன. இடத்தைக் காலி செய்யச் சொன்னபோதும் அவர்கள் நகரவில்லை. அந்த நாள்களில் எங்கள் இல்லத்தின் தேநீர் அறையில் தொலைக்காட்சியை யாரும் அணைக்கவே இல்லை.

என் தோழியின் மகன் அடுத்த அணியோடு போகிறான். தாத்தா ஐந்து முறை போன ஊருக்கு அவன் போவது இதுவே முதல் முறை. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா சமையலறை மேசையில் உட்கார்ந்து, திப்னினில் மிங்கி கடை வைத்திருந்த தன் பழைய நண்பரின் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லித் தேயிலைப் பொட்டலங்களைத் துணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடை சாலைத் திருப்பத்தின் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு பழைய உறையின் பின்புறம் வரைந்தும் கொடுத்தார்.